வேலை ஜெனரல் ஷிப்ட், சாப்பாடு மூன்று ஷிப்ட்

வடசென்னை டோல்கேட்டில் குடியிருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கொத்து பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்றாலும் யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். ‘பாவம், செகண்ட் ஷிப்ட் முடிச்சுட்டு வர்றாரு’ என்று நினைத்துக்கொள்வார்கள். மாம்பலத்திலோ மயிலாப்பூரிலோ இந்த மரியாதை கிடைக்காது. அங்கே அந்த நேரத்தில் தின்பவன் வெறும் தீனிப்பண்டாரம். இங்கே அவன் உழைப்பாளி.

வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., மேற்கே மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, தெற்கே காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம், அதையும் தாண்டினால் கப்பல் துறைமுகம். இந்த வட்டாரம் மொத்தமும் ஒரே நேரத்தில் படுத்துத் தூங்கியதாகச் சரித்திரம் இல்லை. விடிவதற்குள் ஒரு கூட்டம் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்பும். மதியம் ஒரு கூட்டம், ராத்திரி ஒரு கூட்டம். கன்டெய்னர் லாரிக்காரர்களுக்கோ கணக்கே கிடையாது. இவர்களில் யாராவது ஒருவருக்கு எந்நேரமும் பசித்துக்கொண்டிருக்கும். அதனால் இட்லிக் கொப்பரை இறங்குவதற்குள் பஜ்ஜிச் சட்டி ஏறும்; பஜ்ஜிச் சட்டி ஆறுவதற்குள் பரோட்டாக் கல் காய்ந்துவிடும்.

நான் இதில் எந்த ஷிப்டிலும் சேர்த்தியில்லை. மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். ஒன்பதரைக்கு உட்கார்ந்து ஆறரைக்கு எழுந்திருக்கும் பச்சை ஜெனரல் ஷிப்ட். ஆனால் சாப்பாடு என்று வந்துவிட்டால் மூன்று ஷிப்ட் தொழிலாளர்களோடும் தோளோடு தோள் நிற்பேன். காலை ஏழரைக்கு வீட்டில் இட்லி வைத்தால் எனக்கு இறங்காது. ஃபர்ஸ்ட் ஷிப்ட்காரர்கள் கேன்டீனுக்குப் போகும் பத்து மணிக்குத்தான் என் வயிறு கண் திறக்கும். உடனே இரண்டு மெதுவடை. டிபன் பாக்ஸைத் திறக்க மூன்றரை ஆகும். ஐந்தரைக்குச் செகண்ட் ஷிப்ட்காரர்களை நினைத்து வாழைக்காய் பஜ்ஜி. எட்டரைக்கு வீட்டுச் சாப்பாடு. இது குடும்ப மரியாதைக்காக. பதினொன்றரைக்கு மேற்படி கொத்து பரோட்டா. நைட் ஷிப்ட்காரர்களை மட்டும் ஒதுக்கிவைப்பது நியாயமில்லையே என்று, படுக்கப் போகும் முன் ஃப்ரிட்ஜைத் திறந்து மிச்சம் மீதியை விசாரிப்பேன்.

இத்தனை தொழிலாளர் ஒற்றுமைக்கும் உடம்பு ஒரு ரசீது தருமல்லவா? உயரம் 168 சென்டிமீட்டர், எடை 82 கிலோ. பி.எம்.ஐ. என்று ஒன்று சொல்கிறார்களே, அது 29. இந்தியர்களுக்கு 23ஐத் தொட்டாலே எடை கூடுதல், 25ஐத் தொட்டால் உடல் பருமன் என்று 2009லேயே நம் மருத்துவ வல்லுநர்கள் கூடிக் கோடு போட்டுவிட்டார்கள். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டுமாம். தையல்காரரின் நாடா என்னிடம் 104ல் நின்றது, அதுவும் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்த பிறகு. மாம்மன் மாப்பிள்ளை 1946ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கி, பிற்பாடு டயருக்கு வந்தார்; அதுதான் எம்.ஆர்.எஃப். என் இடுப்பும் அதே வரிசையில்தான் முன்னேறியது. கல்யாணத்தின்போது பலூன், இப்போது டயர்.

எனக்குத் துணைக்கு ஆள் இல்லாமல் இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் பெண்கள் 40.4 சதவீதமும் ஆண்கள் 37 சதவீதமும் எடை கூடியவர்கள். இந்தப் புள்ளிவிவரத்தை வீட்டில் ஒருநாள் பெருமையாக வாசித்துக் காட்டினேன். “மீதி அறுபத்து மூணு சதவீதம் ஆம்பளைங்க என்ன பண்றாங்கன்னு அதுல போடலையாங்க?” என்று மனைவி கேட்டாள்.

அவள் நாலரை மணி ஆள். அலாரம் வைப்பாள், ஆனால் அது அடிப்பதற்கு முன்பே எழுந்து அதை அணைத்துவிடுவாள். என்னைப் பொறுத்தவரை இது மனித இயல்புக்கு மாறான செயல். வாசல் தெளித்து, கோலம் போட்டு, வெள்ளிக்கிழமையானால் வடிவுடையம்மனையும் பார்த்துவிட்டு வந்து, ஏழரைக்கு உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவாள். ராத்திரி ஒன்பதரை ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் தூங்கிப்போவாள். அந்த நேரத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்ய ஆரம்பிக்கும். நாட்டு நடப்பு, உலக நடப்பு, வடகறி எங்கே நன்றாக இருக்கும் என்பது எல்லாம் அப்போதுதான் தெளிவாகும். இப்படி எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் முழுசாக விழித்திருப்பது சாயங்காலத்தில் கொஞ்ச நேரம்தான். எங்கள் இல்லற அமைதிக்குக் காரணம் இதுதான் என்று அம்மா சொல்வாள்.

விலங்கியல் படிக்கும் மகள் போன தீபாவளி விடுமுறையில் என்னைப் பாடமாக எடுத்துக்கொண்டாள். ஹார்ன், ஆஸ்ட்பெர்க் என்ற இரண்டு பேர் 1976ல் தயாரித்த கேள்வித்தாள் ஒன்று இருக்கிறதாம். 19 கேள்வி. உங்கள் இஷ்டத்துக்கு விட்டால் எத்தனை மணிக்கு எழுவீர்கள், எழுந்த அரை மணி நேரத்தில் எவ்வளவு சுறுசுறுப்பு, எவ்வளவு பசி என்றெல்லாம் கேட்கிறார்கள். மதிப்பெண் 16லிருந்து 86 வரை. 70 அல்லது அதற்கு மேல் வாங்கினால் சுத்தமான காலை ஆள், 30க்குள் வாங்கினால் சுத்தமான ராக்கோழி. நான் வாங்கியது 27. என் உடம்பு சம்பந்தமாக ஒரு எண்ணாவது குறைவாக வந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

“சந்தோஷப்படாதீங்கப்பா. ராக்கோழிகளுக்குத்தான் தொப்பை அதிகமாம்” என்றாள்.

ஔவையார் ஆத்திசூடியில் விடியுமுன் எழுந்திருக்கச் சொன்னார். அளவுக்கு மீறித் தின்ன ஆசைப்படாதே என்றும் அதே ஆத்திசூடியில் சொன்னார். இரண்டையும் தனித்தனியாகத்தான் சொன்னார். அதனால் தனித்தனியாக மீறலாம் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். இந்த விஞ்ஞானிகள் வந்து இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

மகள் சொன்ன விளக்கம் இது. மூளைக்குள் ஒரு தலைமைக் கடிகாரம் இருக்கிறது. கண்ணில் விழும் வெளிச்சத்தைப் பார்த்து அது நேரம் திருத்திக்கொள்கிறது. கல்லீரல், கணையம், கொழுப்பு என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு கிளைக் கடிகாரம். அவை சாப்பாடு வரும் நேரத்தையும் பார்க்கின்றன. பழ ஈயை வைத்து இந்தக் கடிகாரத்தின் உள்வேலையைக் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூவருக்கு 2017ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். சாப்பிட்டதைச் செரிக்கும்போது உடம்பு செலவழிக்கும் சூடு காலையில் அதிகம், ராத்திரி குறைவு. ராத்திரி மெலடோனின் சுரக்கத் தொடங்கியதும் கணையம் கடையைப் பாதி சாத்திவிடும். அதன்பிறகு போகும் பரோட்டாவின் சர்க்கரை ரத்தத்தில் அதிக நேரம் சுற்றும். டோல்கேட்டில் கடை திறந்திருந்தாலும் கணையம் திறந்திருக்காது என்பது சுருக்கம்.

பிறகு வரிசையாக ஆய்வுகளை எடுத்துவிட்டாள். பின்லாந்தில் 1,854 பேரைப் பார்த்ததில், ராக்கோழிகள் காலையில் குறைவாகச் சாப்பிட்டு, ராத்திரியில் சர்க்கரையும் கொழுப்புமாகச் சேர்த்துத் தின்கிறார்கள். வார விடுமுறையில் இன்னும் மோசம். அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 2011ல் சொன்னது: நேரங்கழித்துத் தூங்கி எழுபவர்கள் மற்றவர்களைவிட நாளொன்றுக்கு 248 கலோரி அதிகம் சாப்பிடுகிறார்கள், அதில் பெரும்பகுதி ராத்திரியில். நம் கணக்கில் அது சுமாராக ஒரு பரோட்டா. “ஒண்ணுதானா?” என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

ஸ்பெயின்காரர்களின் ஆய்வுதான் என்னை நேரடியாகக் குறிவைத்தது. 2013ல் வந்தது. எடை குறைக்கச் சேர்ந்த 420 பேரை 20 வாரம் கவனித்தார்கள். மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்கு முன் சாப்பிட்டவர்களுக்கு எடை நன்றாக இறங்கியது. மூன்றுக்குப் பின் சாப்பிட்டவர்களுக்குக் குறைவாக, மெதுவாக இறங்கியது. இத்தனைக்கும் இரண்டு கட்சியும் சாப்பிட்ட அளவு ஏறத்தாழ ஒன்று, தூங்கிய நேரமும் ஒன்று. ஆக என் மூன்றரை மணித் தயிர்சாதத்துக்கு ஸ்பெயின் வரைக்கும் சாட்சி இருக்கிறது. 2022ல் பாஸ்டனில் எடை கூடிய 16 பேருக்கு அதே சாப்பாட்டை நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுத்துப் பார்த்தார்கள். பசி கூடியது, உடம்பு எரிக்கும் கலோரி குறைந்தது. தாமதமாகச் சாப்பிட்டால் பசி அடங்கும் என்று நினைப்போம். அடுத்த வேளைப் பசிக்கு அது முன்பணம் கட்டுகிறது.

ஞாயிற்றுக்கிழமைக் கதை தனி. வார நாளில் நான் ஒரு மணிக்குப் படுத்து ஆறுக்கு எழுகிறேன். தூக்கத்தின் நடுப்பகுதி மூன்றரை. ஞாயிறன்று இரண்டு மணிக்குப் படுத்துப் பத்துக்கு எழுந்தால் நடுப்பகுதி ஆறு. வித்தியாசம் இரண்டரை மணி நேரம். சென்னைக்கும் குவைத்துக்கும் உள்ள நேர வித்தியாசமும் இதே இரண்டரை மணிதான். அதாவது ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் நான் விசா இல்லாமல் குவைத் போய், திங்கட்கிழமை காலை திரும்பி வருகிறேன். தினார் மட்டும் வருவதில்லை. ஜெர்மனியின் டில் ரோனபெர்க் என்பவர் இதைத்தான் சோஷியல் ஜெட்லாக் என்கிறார். 2012ல் அவரும் அவருடன் சேர்ந்தவர்களும் 65,000 பேருக்கு மேற்பட்டவர்களின் தூக்கக் கணக்கைப் பார்த்தார்கள். எத்தனை மணி தூங்கினார்கள் என்பதைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், இந்த வித்தியாசம் கூடக்கூட எடை கூடியவர்களும் அதிகமாக இருந்தார்கள்.

2021 பிப்ரவரி 14ல் டோல்கேட்டுக்கு மெட்ரோ வந்தபோது எனக்கு ஒரு நல்வாய்ப்பும் வந்தது. டி.எச். ரோட்டில் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் நசுங்கிய நேரம் மிச்சம். அந்த நேரத்தில் நடைப்பயிற்சி என்று வீட்டில் அறிவித்தேன். டோல்கேட் ஸ்டேஷன் மேலே இருக்கிறது, மண்ணடி ஸ்டேஷன் பூமிக்கடியில் இருக்கிறது. போகும்போதும் படி, வரும்போதும் படி. உடம்புக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் இரண்டு இடத்திலும் எஸ்கலேட்டர் போட்டிருக்கிறார்கள். அரசாங்கம் இவ்வளவு செலவு செய்து போட்டதை உபயோகிக்காமல் விடுவது குடிமகனுக்கு அழகில்லை. மிச்சமான நேரம் போர்வைக்குள் போய்விட்டது.

காலையில் எழுந்தால் உடம்பு குறையும் என்பது உண்மையா என்று நேரில் பார்க்க ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து விசைப்படகுகள் கரை திரும்பிய பிறகு வரும் முதல் ஞாயிறு காசிமேட்டில் திருவிழாதான். “இன்னிக்காவது எழுந்து வாங்க, நல்ல மீனா பார்த்து வாங்கலாம்” என்று மனைவி போர்வையை உருவிவிட்டாள். நான்கு மணிக்கு அங்கே போனால் பட்டப்பகல் வெளிச்சம். ஐஸ் உடைக்கிற சத்தம், கூடையை மாற்றி மாற்றி இழுக்கிற சத்தம், ஏலக்காரர் மூச்சுவிடாமல் தொகையை ஏற்றிக்கொண்டே போகிறார். ஏலத்தில் எடுத்த பெண்கள் ஓரமாக உட்கார்ந்து கூறு கட்டிவிட்டார்கள். வஞ்சிரம் பலகைமேல் நீளமாகக் கிடக்கிறது. எறா ஒரு தட்டில் துள்ளுகிறது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நான் அதற்குள் நடந்தபோது என் காலை மிதிக்காதவர்கள் வாங்க வராதவர்கள் மட்டும்தான்.

மீன் வெட்டுகிற அக்கா ஒருவர், அருவாமனையை ஒரு காலால் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கை வரைக்கும் செதில் ஒட்டியிருந்தது. எடையில் எனக்குக் கொஞ்சமும் சளைத்தவர் இல்லை. ஒண்ணரை மணிக்கே எழுந்துவிடுவாராம். என் ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்காது என்று, “விடியறதுக்குள்ள எழுந்தா உடம்பு குறையும்னு சொல்றாங்களேக்கா?” என்றேன்.

“எழுந்துக்கினா எங்க சார் கொறையுது? தூங்குனாத்தான் கொறையும். மத்தியானம் கண்ணு அசந்தா தண்ணி லாரி வந்துடும். ராத்திரி படுத்தா ஒண்ணரைக்கு அலாரம். இன்னா, சங்கராவுக்குத் தலை வேணுமா வேணாவா, சட்டுனு சொல்லு.”

அந்த அக்கா காலை ஆள் இல்லை, காலை ஷிப்ட். இரண்டும் வேறு. உடம்பு தானாக எழுப்புவது ஒன்று, வயிற்றுப்பாடு எழுப்புவது ஒன்று. அவர் சொன்னதில் விஞ்ஞானம் முழுசாக இருக்கிறது. சிகாகோவில் 2004ல் 12 இளைஞர்களை இரண்டு ராத்திரி நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். நன்றாகத் தூங்கியபோது இருந்ததைவிடப் பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் ஏறி, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியிருந்தது. நைட் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு எடை கூடும் அபாயம் அதிகம் என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு சொல்வதும் இதனால்தான். அவர்கள் ராத்திரி கண்விழிப்பதற்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. நான் கண்விழிப்பதற்கு செல்போன் மட்டும்தான் சாட்சி.

எதிர் போர்ஷன் அண்ணன் இன்னொரு உதாரணம். முப்பது வருஷம் ஃபர்ஸ்ட் ஷிப்ட் பார்த்து ரிடையர் ஆனவர். இன்றும் நாலு மணிக்கு எழுந்து, கல் கொட்டிய கடற்கரைப் பக்கம் நடக்கப் போகிறார். நான் தூங்குவதைப் பற்றித் தெருவுக்கே சொல்லி வருத்தப்படுவார். ஒருநாள் தப்பித்தவறிச் சீக்கிரம் எழுந்து பால் வாங்கப் போனபோது, நடை முடித்த அண்ணனை டிபன் கடையில் பார்த்தேன். பொங்கல், மேலே நெய், பக்கத்தில் வடை, வடைக்கு மேலே இன்னொரு வடை. “நடந்தா பசிக்குதுப்பா” என்றார். அவருடைய தொப்பைக்கும் என்னுடையதற்கும் ஆறு மணி நேர வித்தியாசம்தான் இருக்கிறது, அங்குல வித்தியாசம் இல்லை.

இந்த இடத்தில் மகள் ஒரு ஆய்வைக் கடைசியாக எடுத்தாள். நியாயமாக முதலில் எடுத்திருக்க வேண்டும். 2019ல் வந்தது. ஏறத்தாழ 7 லட்சம் பேரின் மரபணுக்களைப் பார்த்து, காலை ஆளாக இருப்பதோடு தொடர்புள்ள 351 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். அப்படிப் பிறப்பிலேயே காலை ஆளாக இருப்பது மனநலத்துக்கு நல்லதாகத் தெரிந்தது. ஆனால் அதனால் மட்டும் எடை குறைகிறது என்பதற்கோ, சர்க்கரை நோய் தள்ளிப்போகிறது என்பதற்கோ ஆதாரம் கிடைக்கவில்லை. “பார்த்தியா! நான் ராக்கோழியா பொறந்தது தப்பே இல்லை” என்று துள்ளினேன்.

“ராக்கோழியா பொறந்தது தப்பில்லப்பா. கோழி ராத்திரியில எங்க போகுதுங்கிறதுதான் கேஸு.”

தீர்ப்பு அவ்வளவுதான். எழுகிற நேரத்தில் குற்றமில்லை, தின்கிற நேரத்தில்தான் குற்றம். உடம்புக்கு ஒரு நேரம், ஆபீசுக்கு ஒரு நேரம், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நேரம் என்று மூன்று கடிகாரத்தை ஒரே இடுப்பில் கட்டினால் இடுப்பு அகலத்தான் செய்யும். ராக்கோழியைச் சேவலாக மாற்ற முயல வேண்டாம். குடும்பத்தில் இரண்டு சேவல் இருந்தால் கூவுவதில் போட்டி வரும். சாப்பாட்டை மட்டும் முன்னுக்கு இழுத்தால் போதும். காலையில் இரண்டு இட்லியாவது, ஒரு மணிக்கு மதியச் சாப்பாடு, ராத்திரி எட்டு மணிக்குள் இலையை மடிப்பது. ஞாயிறன்று குவைத் போகாமல் கும்மிடிப்பூண்டியோடு திரும்பிவிடுவது. எங்கள் வீட்டில் இப்போது ஒன்பது மணிக்கு மேல் என் செருப்பு கண்ணில் படுவதில்லை. யார் எடுத்து ஒளித்து வைக்கிறார்கள் என்று கேட்க ஆளைத் தேடினால், அவள் தூங்கிவிட்டிருப்பாள்.

இதை ராத்திரி பதினொரு மணிக்கு மேல் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பரோட்டா, பஜ்ஜி என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்ததில் உங்களுக்கு இப்போது லேசாகப் பசிப்பது போல இருக்கும். அதில் பாதி தூக்கம். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் படுங்கள்.